நியாயமற்ற பணிநீக்கமா, பாகுபாடா: பிரிட்டன் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் எந்த வழக்கு?

வேலை போனதும் பலர் முதலில் நினைப்பது நியாயமற்ற பணிநீக்க வழக்கைத்தான். அதற்கு 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் இருக்கிறது. ஆனால் ஊழியராகக் குறிப்பிட்ட காலம் பணியாற்றியிருக்க வேண்டும். நெடுநாளாக 2 ஆண்டுகளாக இருந்த அந்த வரம்பு 2027 ஜனவரியில் 6 மாதமாகிறது. காரணத்தை முதலாளிதான் காட்ட வேண்டும். ஆனால் நீதிபதி “நானாக இருந்தால் நீக்கியிருப்பேனா?” என்று பார்ப்பதில்லை. நியாயமான ஒரு முதலாளி எடுத்திருக்கக்கூடிய முடிவா, நீக்கும் முன் முதலாளி நடத்திய விசாரணை ஒழுங்காக நடந்ததா என்றே பார்ப்பார். இது பலருக்கு ஏமாற்றம் தரும் இடம்.

2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்கீழ் வரும் பாகுபாட்டு வழக்குக்குப் பணிக்காலமே தேவையில்லை. நேர்முகத் தேர்வில் ஒதுக்கப்பட்டவர்கூடத் தொடரலாம். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை, மனவேதனைக்கும் தனித்தொகை உண்டு. சரி, சிக்கல் எங்கே? வயது, பாலினம், இனம், மதம், ஊனம் போன்று சட்டம் பாதுகாக்கும் 9 தன்மைகளில் ஒன்றோடு முதலாளியின் நடத்தையைத் தொடர்புபடுத்த வேண்டும். மேலாளர் கொடுமையாக நடந்தார் என்பது மட்டும் போதாது. தொடக்க ஆதாரத்தை நீங்கள் வைத்தால், விளக்கம் தரும் பொறுப்பு முதலாளிக்கு மாறும். சாதி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனாலும் சில சூழல்களில் அது இனத்தோற்றத்துக்குள் வரலாம் என்று 2014-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது.

இரண்டையும் ஒரே மனுவில் கேட்கலாம், ஒரே இழப்புக்கு இருமுறை பணம் கிடைக்காது. எதுவானாலும் முதலில் ஏகாஸ் (Acas) என்ற பணித்தகராறு சமரச அமைப்பிடம் சமரசத்துக்குப் பதிய வேண்டும். காலக்கெடு குறுகியது, அதைத் தவறவிட்டால் பணிநீக்க வழக்கில் மன்னிப்பு அரிது. பாகுபாட்டு வழக்கில் கொஞ்சம் இடமுண்டு. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.