தமிழ் மின்னூலகங்கள்: தேடினால் எங்கே கிடைக்கிறது, எங்கே வாசிக்க முடிகிறது?

மின்னூலகம் என்றாலே முதலில் சொல்லப்படுவது எத்தனை நூல்கள் இருக்கின்றன என்ற கணக்குதான். வாசகருக்கு அந்தக் கணக்கால் பெரிய பயன் இல்லை. நூல் உள்ளே இருந்தும் தேடல் பெட்டி கையை விரித்தால், அவரைப் பொறுத்தவரை அது இல்லாத நூல். கிடைத்த பிறகும் கைப்பேசியில் ஒவ்வொரு வரியையும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருந்தால் பத்தாம் பக்கத்திலேயே மூடிவிடுவார். ஆகவே தேடினால் அகப்படுகிறதா, நிம்மதியாக வாசிக்க முடிகிறதா, வாசித்ததை நம்பி மேற்கோள் காட்டலாமா என்பதை மட்டும் வைத்து மதுரைத் திட்டம், 'நூலகம்' என்ற பெயருள்ள ஈழத்து மின்னூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், யாரும் திருத்தக்கூடிய தமிழ் விக்கிமூலம் ஆகிய நான்கையும் இங்கே பார்க்கிறேன். ஆர்க்கைவ் (archive.org) என்ற உலக மின்னூலகத் தளம் இடையிடையே வரும்.

நான்கில் மூத்தது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியலாளர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று நடத்த, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தார்கள். தட்டச்சு செய்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோப்பு சின்னது, மெதுவான இணைப்பிலும் சட்டென்று திறக்கும், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும், ஒரு சொல்லைத் தேடலாம், ஒரு பாடலை எடுத்து நண்பருக்கு அனுப்பலாம். ஆரம்பக் கோப்புகள் தஸ்கி என்ற பழைய தமிழ்க் கணினிக் குறியாக்கத்தில் இருந்தன. அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யுனிகோடு) மாறிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆனால் தேடல் வசதி என்று பார்த்தால் மதுரைத் திட்டம் இன்னும் தொண்ணூறுகளிலேயே நிற்கிறது. நீளமான நூற்பட்டியல், அவ்வளவுதான். உலாவியின் தேடலைக் கொண்டு பட்டியலுக்குள் துழாவ வேண்டும், இல்லையென்றால் கூகுளில் தேடிவிட்டு வர வேண்டும். என்ன வேண்டும் என்று தெரிந்து வருபவருக்கு இது போதும். புதிதாக வரும் கல்லூரி மாணவருக்குப் போதாது.

நூலகம் இதற்கு நேர் எதிர். 2005-இல் தொடங்கிய இந்த ஈழத்து மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள். பிடிஎஃப் கோப்பைத் தரவிறக்கி, பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். பழைய செய்தித்தாள் என்றால் கைப்பேசியில் கண் வலிக்கும். இருந்தும், பட்டியலிடும் முறையில் நூலகத்தை மிஞ்ச இந்த நான்கில் வேறொன்று இல்லை என்பேன்.

காரணம் எளிது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்க எண்ணிக்கை எல்லாம் ஒரே ஒழுங்கில் இருக்கின்றன. இதழ் என்றால் பெயரை அடுத்து ஆண்டும் மாதமும் தலைப்பிலேயே வந்துவிடும். 1966-இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகையில் ஒரு குறிப்பிட்ட மாதத்து இதழ் வேண்டுமென்றால் நேராக அதற்கே போய்விடலாம். இதைவிட முக்கியமானது, பல இதழ்களுக்கு உள்ளடக்கப் பட்டியலையும் ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயரும் எழுத்தாக இருப்பதால், பக்கங்கள் படமாகவே இருந்தும் கட்டுரை அகப்படுகிறது. அந்த ஒரு வேலைக்காக எத்தனை ஆய்வாளர்கள் மனதுக்குள் நன்றி சொல்லியிருப்பார்கள்! 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பார்த்த சமூகம் இது. எந்த இதழ், எந்த மாதம், எத்தனை பக்கம் என்று விடாமல் எழுதிவைக்கும் இந்தக் கவனத்தில் அந்த இழப்பின் வலியும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அடுத்து தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். 2017-இல் வந்தது. அரிய நூல்கள், பருவ இதழ்கள், ஓலைச்சுவடிகள் என்று செல்வம் கொட்டிக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களை வீட்டிலிருந்தே பார்க்க முடிவது சாதாரண விஷயமில்லை. ஸ்கேன் தரமும் பொதுவாக நன்றாகவே இருக்கிறது. நூல் எந்த நூலகத்தில் இருக்கிறது என்ற குறிப்பும் இருப்பது, மூலத்தை நேரில் பார்க்க விரும்புகிறவருக்கு உதவி.

குறை எங்கே என்றால், இங்கே கிடைப்பது பக்கத்தின் படம்தான். நூலின் தலைப்பையோ ஆசிரியரையோ வைத்துத் தேடலாம். நூலுக்குள் இருக்கும் ஒரு வரியை வைத்துத் தேடப் போனால் வழியில்லை. தலைப்பை வைத்துத் தேடுவதும் தமிழில் அத்தனை சுலபமில்லை.

தேடல் பெட்டி தமிழில் ஏன் தடுமாறுகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா மின்னூலகத்திலும் வாசகரைத் திருப்பி அனுப்புவது இந்த இடம்தான்.

உ.வே.சாமிநாதையர் என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்துகளுக்குப் பின் இடைவெளி விட்டும் எழுதலாம், விடாமலும் எழுதலாம். சாமிநாத ஐயர் என்று பிரிக்கலாம், சுவாமிநாதையர் என்றும் பழைய அட்டைகளில் வரும், உ.வே.சா. என்று சுருக்கியும் எழுதுவோம். மனிதருக்கு எல்லாம் ஒருவர்தான், எழுத்தை எழுத்தாக மட்டும் ஒப்பிடும் தேடல் பொறிக்கு ஐந்து பேர். சுப்பிரமணியம், சுப்ரமணியம், சுப்பிரமணியன் கதையும் இதுதான். அப்புறம் சந்தி இருக்கிறது. தலைப்பில் 'வரலாற்றுக் குறிப்புகள்' என்று இருக்க, 'வரலாறு' என்று தேடினால் சொல்லின் வேரைப் பிரித்தறியாத பொறி அதைக் காட்டாது.

கண்ணுக்கே தெரியாத சிக்கலும் உண்டு. ஒருங்குறியில் 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாகத் தனித்தனியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தேடல் பொறி இரண்டையும் சமப்படுத்திக்கொள்ளாவிட்டால் ஒன்றைத் தேடுகிறவருக்கு மற்றது கிடைக்காது. 'ஔ' என்ற எழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்தாக அடித்துவிடும் வழக்கமும் இதே தொல்லையைத் தருகிறது.

ஆர்க்கைவ் தளத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. தமிழ் நூல்கள் ஏராளம், ஆனால் பதிவேற்றியவர் ரோமன் எழுத்தில் எப்படி எழுதினாரோ அப்படித்தான் தலைப்பு. ஒரு ழகரத்துக்கே மூன்று நான்கு விதம். மூடப்பட்ட டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவிலிருந்து வந்த நூல்களில் தலைப்புப் பிழைகள் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. 2020 வாக்கில் அந்தத் தளம் டெசராக்ட் என்ற எழுத்துணரிக்கு (பக்கத்தின் படத்தைப் படித்து எழுத்தாக்கும் மென்பொருள்) மாறிய பிறகு தமிழ்ப் பக்கங்களும் எழுத்தாக மாறத் தொடங்கின. அதற்கு முன் பயன்பட்ட மென்பொருளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இப்போதும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், பழைய லை, ணை, னை, றா வடிவங்கள் வரும் இடத்தில் எழுத்துணரி தடுக்கி விழுகிறது.

விக்கிமூலம்

படமும் திருத்திய எழுத்தும் சேர்ந்தே கிடைக்கும் இடம் என்று பார்த்தால் தமிழ் விக்கிமூலம்தான். தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் (அரசு உரிமையை வாங்கிப் பொதுவில் விட்டவை) ஸ்கேன்கள் இங்கே வந்தன. எழுத்துணரி வழியாக அவை எழுத்தாக மாறின. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகத் திருத்திவருகிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிறக் குறியீடு. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. வாசகர் எதை எவ்வளவு நம்பலாம் என்று தளமே நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. ஐயம் வந்தால் ஓரத்தில் இருக்கும் பக்க எண்ணைச் சொடுக்கினால் மூலப் பக்கத்தின் படம் எதிரே நிற்கும். பிழை கண்டால் அப்போதே திருத்தலாம். மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் தலைப்பில் இருக்கின்றன, அது பெரிய மரியாதை. ஆனால் ஒரு சொல் ஐயமாக இருந்தால் மூலத்தை அங்கே பார்க்க முடியாது. ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல.

விக்கிமூலத்தின் குறை, சிவப்புப் பக்கங்கள் நிறைய இருப்பது. திருத்தப்படாத நூலைத் தரவிறக்கி வாசிக்க உட்கார்ந்தால் பிழைகள் எரிச்சலூட்டும். நிறப்பட்டையைப் பார்த்துவிட்டுத் தரவிறக்குவது நல்லது. பச்சையும் மஞ்சளுமாக இருந்தால் ஈபப் என்ற மின்னூல் கோப்பாக எடுத்துக் கைப்பேசியில் நிம்மதியாகப் படிக்கலாம்.

சரி, எதற்கு எங்கே போவது? பழைய இலக்கியத்தின் மூலப் பாடலை விரைவாக எடுக்க மதுரைத் திட்டம். உரையோடு வேண்டுமென்றால் கல்விக்கழகத்தின் பழைய தளமான தமிழ்வியு (tamilvu.org). ஈழத்து நூல், இதழ் எதுவானாலும் நூலகம். பழைய அச்சையும் சுவடியையும் அப்படியே பார்க்கக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நாட்டுடைமை நூல்களை வாசிக்கவும் மேற்கோள் காட்டவும் விக்கிமூலம். பேருந்தில் படிக்க இக்காலக் கதை, கட்டுரை வேண்டுமென்றால் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ். சிறு திரைக்கென்றே ஆறு அங்குல பிடிஎஃப் கொடுக்கிறார்கள்.

பார்வையற்ற வாசகருக்கோ இத்தனை தெரிவுகள் இல்லை. திரைவாசிப்பான் எழுத்தைத்தான் படித்துக்காட்டும், ஸ்கேன் பக்கத்தின் முன் அது வாயே திறக்காது. அவரைப் பொறுத்தவரை மதுரைத் திட்டம், விக்கிமூலம், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்று எழுத்தாகத் தருபவை மட்டுமே நூலகங்கள். ஸ்கேன் பணிக்கு நிதி ஒதுக்குகிற அரசும் அமைப்புகளும் அதே நிதியில் ஒரு பங்கை எழுத்தாக்கத்துக்கும் மெய்ப்புக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று கேட்கிறேன். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களைக் கல்விக்கழகம் கொடுத்தபோது விக்கிமூலத்தில் அந்த வேலை நடந்தது. மீதி நூல்களையும் அப்படிக் கொடுப்பதற்கு உரிமைச் சிக்கல் இல்லாத இடங்களில் தடையேதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.