கோடையில் டெல்டா கடல்: காரைக்காலில் காத்திருப்பதா, மாமல்லபுரத்துக்கு வண்டி எடுப்பதா?

சித்திரை பிறந்து ஆடி முடிகிறவரை காரைக்கால் கடலை நம்பி அலைச்சறுக்குக்குத் திட்டம் போடுவது கஷ்டம். பெரும்பாலான காலைகளில் முழங்கால் உயரத்துக்கு அலை எழும்; எழுந்த வேகத்தில் கரையோரமாக, நீள வாக்கில் ஒரே மடிப்பாக விழுந்துவிடும். போர்டில் கையூன்றி எழுந்து நிற்பதற்குள் அதன் அடியில் துடுப்புபோல நிற்கும் ஃபின் மணலில் தட்டும். அதே வாரத்தில் மாமல்லபுரத்தில் இடுப்பளவு, மார்பளவு அலை வரிசை கட்டி வந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே வங்கக்கடல்தான், சாலை வழியில் சுமார் 225 கிலோமீட்டர்தான் இடைவெளி. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமிருந்து சனி, ஞாயிறுகளில் அலை தேடுகிறவர்கள் எந்த நாளில் எங்கே போகலாம் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் காரணம். கோடையில் வங்கக்கடலுக்கு வருகிற நல்ல அலை இங்கே பிறப்பதில்லை. தென் இந்தியப் பெருங்கடலில், அண்டார்க்டிகாவுக்கு வடக்கே சுழலும் புயல்களிலிருந்து கிளம்பி, ஆறேழு நாள் பயணம் செய்து, தெற்கிலிருந்து ஏறி வருகிறது. அந்தப் பாதையில் நமக்கு முன்னால் குறுக்கே கிடப்பது இலங்கை.

ஒரு வரைபடத்தை எடுத்து நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் கிழக்குக் கரையை உரசிப் போகும்படி கோடு போடுங்கள். முல்லைத்தீவு, திருகோணமலை பக்கம் உரசுகிற அந்தக் கோடு, வடக்கை 0, கிழக்கை 90, தெற்கை 180 என்று எண்ணும் திசைகாட்டிக் கணக்கில், ஏறக்குறைய 148 டிகிரியில் நிற்கும். அதற்குத் தெற்கே இருந்து வருகிற அலை எதுவும் நேராக நாகையைத் தொட முடியாது. பூம்புகாரில் அந்தக் கோடு 152-க்கு நகர்கிறது, புதுச்சேரியில் 158-க்கு, மாமல்லபுரத்தில் 163-க்கு. வடக்கே போகப் போக கதவு இன்னும் கொஞ்சம் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்பெருங்கடல் அலை வருகிற திசையில் இந்தப் பதினைந்து டிகிரிதான் அலை கிடைக்கும் காலைப்பொழுதையும் அலையில்லாத காலைப்பொழுதையும் பிரிக்கிறது. நாகைக்கும் தெற்கே, கோடியக்கரையைச் சுற்றிப் பாக் நீரிணைக்குள் போய்விட்டால் பேச்சே இல்லை. அந்தப் பக்கம் ஆழமில்லாத கடல், அலைக்கு வழியே கிடையாது.

கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் டெல்டாவிலும் பெரிய அலை இருக்கும் என்று நினைத்துப் பலர் கிளம்புகிறார்கள். அது பெரும்பாலும் வீண் அலைச்சல். கள்ளக்கடல் என்பது அந்தத் தெற்கு அலையேதான். கன்னியாகுமரிக்கு நேர்முகமாக வருவது நமக்கு இலங்கைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

கணிப்பில் எந்த எண்ணைப் பார்ப்பது

விண்டி, விண்ட்குரு போன்ற செயலிகளில் எல்லோரும் முதலில் பார்ப்பது அலையின் உயரம். டெல்டாவைப் பொறுத்தவரை அதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் திசை, அடுத்து பீரியட் எனப்படும் அலை இடைவெளி (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்பது), அதற்கப்புறம்தான் உயரம்.

உதாரணமாக, ஒரு நாள் 0.9 மீட்டர், 5 விநாடி என்று காட்டுகிறது. இன்னொரு நாள் 0.6 மீட்டர், 14 விநாடி. முதல் நாள்தான் பெரிதாகத் தெரியும். ஆனால் நீண்ட இடைவெளி அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வரும்போது நிமிர்ந்து எழும்பும். கரையில் உடையும்போது இரண்டாவது அலை முதலாவதைவிடக் குறையாது, சற்று கூடவே நிற்கும். அதோடு 5 விநாடி அலை ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக் குழம்பி வரும். 14 விநாடி அலை தெளிவான வரிசையாக, நடுவே மூச்சு வாங்க இடம் விட்டு வரும்.

இன்னொரு சிக்கல், உலக அளவிலான கணிப்பு மாதிரிகள் கடலைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. காரைக்காலுக்கு என்று நீங்கள் பார்க்கிற எண் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, இலங்கையின் மறைப்பு, அதாவது நிழல், முழுதாக விழாத ஒரு கட்டத்தின் எண்ணாக இருக்கலாம். 160 டிகிரிக்கு மேலே திசை காட்டி 1.2 மீட்டர் என்று சொன்னால், காரைக்கால் கரையில் அதில் பாதிகூட எதிர்பார்க்காதீர்கள். ஹைதராபாத்திலுள்ள இன்கோயிஸ் நிறுவனத்தின் கடலோரக் கணிப்பையும் உடன் வைத்து ஒத்துப் பாருங்கள்.

காரைக்கால்: நேற்றைய காற்றின் மிச்சம்

அப்படியானால் காரைக்காலில் கோடையில் என்ன கிடைக்கும்? கிடைப்பது நேற்று மாலை அடித்த கடல்காற்றின் மிச்சம். சித்திரை, வைகாசியில் காலை பத்து, பதினொரு மணிக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழும். பொழுது சாய்ந்த பிறகும் அது ஓயாமல் அடித்தால் 5, 6 விநாடி அலை சேரும். இரவில் காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். விடியும்போது அந்த மிச்ச அலையை நிலக்காற்று சீவிவிட்டதுபோல ஒழுங்காக்கி வைத்திருக்கும். சூரியன் எழுந்ததிலிருந்து எட்டரை மணிவரை, முழங்கால் முதல் தொடை உயரம். அவ்வளவுதான் கடை திறந்திருக்கும் நேரம். முந்தைய நாள் மதியம் இரண்டிலிருந்து இரவு எட்டுவரை காற்று மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த நாள் அலாரம் வைக்கத் தேவையில்லை.

இந்த அலைக்கு 6 அடி போர்டு உதவாது. 75 கிலோ எடையுள்ளவருக்கு 9 அடி ஃபோம் போர்டு, 80 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். அலையில் தள்ளும் சக்தி இல்லாததால் அந்தக் குறையைப் போர்டின் மிதப்புதான் ஈடுகட்ட வேண்டும். ஃபின் விஷயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். 9 அங்குல ஒற்றை ஃபின் போட்டால், முழங்கால் தண்ணீரில் அது மணலில் சொருகிப் போர்டு சட்டென்று நிற்கும், ஆள் முன்னால் பறப்பார். 4, 5 அங்குலத்தில் மூன்று மென்ரப்பர் ஃபின் போட்டால் திருப்பம் மந்தமாக இருந்தாலும் கரைவரை ஓடும்.

நிற்கும் இடம் அரசலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய மணல்திட்டு. வடகிழக்குப் பருவ வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் ஆற்றில் தண்ணீர் வராது, மணல் அப்படியே கிடக்கும். ஆனால் இடம் மாறிக்கொண்டேயிருக்கும், போன மாதம் உடைந்த இடத்தில் இந்த மாதம் உடையாது. கடல் வற்றிய நேரத்தில் கரையில் ஒரு பத்து நிமிடம் நின்று, வெள்ளை நுரை திரும்பத் திரும்ப எங்கே முதலில் எழுகிறது என்று பார்த்துக் கரையில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் ஏற்ற வற்று வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். இருந்தாலும் முழங்கால் அலைக்கு ஒரு சாண் தண்ணீர் கூடினாலே திட்டின் மேல் உடையாமல் தாண்டி வந்து, கரையில் மொத்தமாக விழும். ஏற்றத்தில் இறங்காதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும், முகத்துவாரத்தில் போக்குவரத்து குறையும். ஃபைபர் படகுகளுக்குத் தடையில்லை. அவை விடியற்காலையில் திரும்பும் நேரமும் நீங்கள் இறங்கும் நேரமும் ஒன்றுதான், அவர்கள் ஏறி வரும் பாதையில் நிற்கக் கூடாது. கரைவலை இழுக்கிறார்கள் என்றால் அந்தக் கயிற்றின் இரண்டு பக்கமும் நூறு மீட்டர் விலகுங்கள். காலையும் போர்டையும் இணைக்கும் லீஷ் கயிறு அதில் மாட்டினால் உங்களுக்கும் ஆபத்து, அவர்கள் வலைக்கும் நஷ்டம். தண்ணீரில் சொறிமீன் (ஜெல்லி மீன்) மிதக்கிறதா என்றும் பாருங்கள், முழுக்கைச் சட்டை போட்டு இறங்குவது நல்லது.

ஆனி, ஆடியில் கதை வேறு. மேல்காற்று பகலெல்லாம் கடலை நோக்கி வீசும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது 9 அடி போர்டு எம்மாத்திரம்? அலை முகம் கண்ணாடிபோல் அழகாகத் தெரியும், ஆனால் காற்று போர்டின் மூக்குக்கு அடியில் புகுந்து தூக்குவதால் அலையில் இறங்கவே முடியாது. அந்த மாதங்களில் நின்று துடுப்பு போடும் பேடில் போர்டைக் கடலில் இறக்கவே இறக்காதீர்கள். கரையிலிருந்து வெளியே போவது சுலபமாக இருக்கும், திரும்பி வருவது முடியாமல் போகும்.

தரங்கம்பாடி, பூம்புகார்

தரங்கம் என்றால் அலை; ஊர்ப் பெயரிலேயே அலை இருக்கிறது. ஆனால் போர்டுக்கு ஏற்ற கரை இல்லை. 1306-இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் விழுங்கியது, அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். 1620-இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டைக்கு எதிரே நின்று பார்த்தால் சில நாட்களில் அலை வடிவாக உடைவதும் தெரியும். அடியில் சரிந்து கிடக்கும் கற்கள் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினை. பூம்புகாரிலும் கரையோரம் கல்சுவர். நிழல் கோடு காரைக்காலைவிடச் சற்றுச் சாதகமாக இருந்தும், அலை கல்லில் முட்டித் திரும்பி எதிரலையாக வருவதால் எதுவும் ஒழுங்காக உடைவதில்லை. இரண்டு ஊருக்கும் கோயிலுக்கும் கோட்டைக்கும் போங்கள், போர்டு வேண்டாம். வேளாங்கண்ணியில் கூட்டத்துக்கு நடுவே போர்டு இறக்குவது குளிக்கிறவர்களுக்கு ஆபத்து.

வடக்கே: புதுச்சேரியா, மாமல்லபுரமா

காரைக்காலிலிருந்து புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். கோட்டக்குப்பத்தை அடுத்த செரினிட்டி பீச்தான் இலக்கு. அங்கேயும் மணலும் கல் தடுப்பும்தான், கதவு 158 டிகிரிவரை. திசை 140-க்கும் 155-க்கும் நடுவே, பீரியட் 9 விநாடிக்கு மேல் என்றால் புதுச்சேரி போதும், இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டத் தேவையில்லை.

155-ஐத் தாண்டி, 12 விநாடிக்கு மேல் என்றால் யோசிக்காமல் மாமல்லபுரம். கதவு அகலம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், கடற்கரைக் கோயில் நிற்கிற அந்தப் பாறை முனை. தெற்கிலிருந்து வரும் அலை அந்த முனையைச் சுற்றி வளைந்து, வடக்குப் பக்கத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராக உரிந்துகொண்டே போகும், சறுக்குகிறவருக்கு வலப்பக்கம். காரைக்காலில் ஒரே மடிப்பாக விழும் அதே சக்தி இங்கே நீளமான ஓட்டமாகிறது. 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பும் அங்கே நடந்தது தற்செயல் இல்லை.

பயணத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறோம். 14 விநாடி அலை மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர் நகரும். இலங்கையின் அலைச்சறுக்கு ஊரான அறுகம்பேயிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கடல்வழி ஏறக்குறைய 660 கிலோமீட்டர், ஆக 17 மணி நேரம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அறுகம்பேயில் அலை ஏறியது உறுதியானால், சனி காலை ஏழு மணிக்கு மாமல்லபுரத்தில் தொடங்கும். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். போக வர சுமார் 450 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் பெட்ரோல் போகும், மூன்று பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். திரும்பும்போது போர்டை வெயிலில் நிறுத்திய காருக்குள் பூட்டாதீர்கள். மெழுகு உருகி ஓடுவது சின்ன விஷயம்; உள்ளே காற்று விரிந்து ஃபோமும் மேலுறையும் பிரிந்தால் போர்டே போச்சு.

கப்பல் ஏறுவது

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நிழல் போடுகிற தீவுக்கே போய்விடலாம், அறுகம்பேயின் சீசனும் மே முதல் செப்டம்பர்வரைதான். ஒரு வாரம் விடுப்பு இருந்தால் மட்டும் இது சரிவரும், ஏனென்றால் காங்கேசன்துறை தீவின் வடமுனை, அறுகம்பே தென்கிழக்கு மூலை. முழு ஒரு நாள் சாலையில் போகும். நீளமான போர்டை ஏற்றுவார்களா, சுமைக்கு எவ்வளவு கட்டணம் என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

டெல்டா ஜெயிக்கிற நாள்

கோடையில் காரைக்கால் மாமல்லபுரத்துக்குச் சமமாக நிற்கிற நாள் ஒன்று உண்டு. மே மாதத்தில் தென்கிழக்கு, மத்திய வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி, 2020-இல் ஆம்பன் போனதுபோல வடக்கே வங்கம், ஒடிசாவை நோக்கிப் போகும்போது அலை கிழக்கிலிருந்து வருகிறது. 80-க்கும் 130-க்கும் இடைப்பட்ட திசையில் இலங்கைக்கு வேலையே இல்லை. அப்போது வடக்கே போகிற செலவு வீண், அரசலாற்றுத் திட்டிலேயே நீளமான வரிசை கிடைக்கும்.

நாகை, காரைக்கால் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பாருங்கள். 1, 2 என்பவை புயல் தூரத்தில் இருக்கிறது என்கிற அறிவிப்பு. 3 ஏறினால் நம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரப்போகிறது என்று பொருள். தூரக்கூண்டு ஏறிய நாளிலும் கடலோரக் காவல் போலீஸார் கரையை மூடியிருந்தால் இறங்கக் கூடாது. புயல் கடந்து, கூண்டை இறக்கி, ஃபைபர் படகுகள் மறுபடி கடலுக்குப் போன முதல் காலையில்தான் இறங்க வேண்டும். அலை இன்னும் ஒரு நாள் மிச்சமிருக்கும், காற்றும் அடங்கியிருக்கும்.