வங்கி தராத கடனை ரசிகரிடம் கேட்கும் கால்பந்து கிளப்புகள்: ஓர் எச்சரிக்கை

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஏதேனும் ஒரு கால்பந்து கிளப்புக்கு ‘நிறுவன உறுப்பினர்’ கட்டணம் என்றோ, பல ஆண்டுச் சீசன் டிக்கெட் என்றோ, பிள்ளைகளின் அகாடமிக் கட்டணம் என்றோ முன்பணம் கட்டவிருப்பவர்கள், பணத்தை எடுத்துவைப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் பகுதியில் இயங்கிவந்த ஒரு கிளப் சென்ற சீசனின் நடுவில் முடங்கிப்போனது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லவிருப்பதால் அதன் பெயர் அங்கே பதிவானால் போதும், இங்கே வேண்டாம். பெயரைவிட அவர்கள் பணம் வாங்கிய முறைதான் முக்கியம். அதே முறையோடு நாளை வேறொருவர் வருவார்.

இந்த வட்டாரத்தில் கால்பந்துக்குக் கூட்டம் சேராது என்று சொல்பவர்கள் 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கின் பக்கம் வந்திருக்கமாட்டார்கள். மினர்வா பஞ்சாப் அணியிடம் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஒரு கோல் வாங்கிய சென்னை சிட்டி, இரண்டாம் பாதியில் மூன்று கோல்களைப் போட்டு, தேசிய அளவிலான ஐ-லீக் போட்டியின் பட்டத்தை வென்ற நாள் அது. பேர் சென்னையுடையது என்றாலும் அன்றைக்குக் கேலரியில் இருந்த எங்களுக்கு அது எங்கள் ஊர் அணிதான். 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த அணியும் ஐ-லீக்கில் இல்லை. நான் சொல்ல வந்த கிளப் அதுவன்று. இது அதைவிட மிகச் சிறியது, கீழ்நிலைப் போட்டிகளில் ஆடியது. ஆனால் 2019-இல் ஏற்பட்ட ஏக்கத்தைத்தான் இவர்கள் விலைபேசினார்கள். இந்த முறை பேரும் நம்முடையதாகவே இருக்கும் என்றார்கள்.

திட்டம் இதுதான். ஒருவர் ₹25,000 கட்டினால் நிறுவன உறுப்பினர் ஆவார். மூன்று சீசன்களுக்குக் கேலரியில் நிரந்தர இருக்கை, ஆண்டுக்கொரு ஜெர்சி, மைதான நுழைவாயிலில் பதிக்கப்படும் கல்வெட்டில் பெயர் ஆகியவை கிடைக்கும். மூன்றாம் சீசன் முடிந்ததும் கட்டிய தொகை முழுவதும் திருப்பித் தரப்படும். மைதானமே ஒரு கல்லூரியிடம் வாடகைக்கு எடுத்ததாயிற்றே, கல்வெட்டை எந்தச் சுவரில் பதிப்பீர்கள் என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், பதில் மட்டும் வரவில்லை. எனக்குத் தரப்பட்ட ரசீதில் கிளப்பின் சின்னம் உள்ளங்கை அகலத்துக்கு அச்சிடப்பட்டிருந்தது. நிறுவனத்தின் பெயரோ பதிவு எண்ணோ ஜிஎஸ்டி எண்ணோ அதில் எங்கும் இல்லை. பலருடைய பணம் கிளப்பின் கணக்குக்குப் போகாமல் மேலாளரின் ஜிபே எண்ணுக்குப் போயிருப்பது பின்னர் ரசீதுகளை ஒப்பிட்டபோது தெரியவந்தது.

பணமுடை வந்துவிட்டது என்பதை எங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது கணக்குப் புத்தகம் அன்று, ஜெர்சி. திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவனுக்குத் துணியைப் பார்த்தால் பாதி விவரம் தெரிந்துவிடும். முதல் லாட் ஜெர்சிகளில் ஸ்பான்சரின் பெயர் சப்ளிமேஷன் முறையில் துணியோடு துணியாக ஏற்றப்பட்டிருந்தது. அதை அழிக்க வழியில்லை. சீசன் நடுவே ஒருநாள் அந்தப் பெயரின்மேல் அதே நீல நிறத்தில் ஒரு பட்டையை ஹீட் பிரஸ்ஸில் ஒட்டிக்கொண்டு ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். பாலியஸ்டர் துணியில் அவசரமாக ஒட்டிய ஸ்டிக்கர் வியர்வைக்குத் தாங்காது. இடைவேளை முடிந்து வந்த சிறிது நேரத்தில் சென்டர் ஃபார்வர்டின் மார்பில் பட்டையின் ஒரு முனை கிளம்பி, விலகிப்போன ஸ்பான்சர் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் வெளியே தெரிந்தன. புதிய ஜெர்சி அடிக்க இவர்களிடம் பணம் இல்லை, அல்லது கடனுக்கு அடித்துத்தர ஆளில்லை. இரண்டுமே உண்மை என்பது அங்கேரிபாளையம் சாலையில் அந்த ஜெர்சிகளைத் தைத்துக்கொடுத்த யூனிட்காரரிடம் கேட்டபோது உறுதியானது. முதல் லாட்டுக்கே அவருக்குப் பாதிப் பணம் பாக்கி. அந்த வாரமே நிறுவன உறுப்பினர் கட்டணத்தில் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது, இன்னும் சீசனே முடியாத நிலையில் அடுத்த சீசனின் டிக்கெட்டும் விற்பனைக்கு வந்தது.

நாங்கள் சிலர் நேரில் போய்க் கேட்டோம். மேலாளர் காபி வாங்கிக்கொடுத்து, “ஏனுங்ணா, நம்ம கிளப்ப நாமளே நம்பலீன்னா வெளியாளு எப்படீங் நம்புவான்? புது இன்வெஸ்டர் கையெழுத்துப் போடற நிலைமைல இருக்காருங்க, ஆடி தாண்டறதுக்குள்ள எல்லாம் சரியாயிருமுங்க” என்றார். அந்த முதலீட்டாளர் யார் என்று கேட்டதற்கு, இப்போது வெளியே சொன்னால் பேச்சுவார்த்தை கெட்டுவிடும் என்றார். மறுநாள் முதல் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டுமே எழுத முடியும் என்று மாற்றப்பட்டது.

பெரிய அடி விழுந்தது அகாடமிப் பிள்ளைகளுக்குத்தான். அந்தியூர், தாராபுரம், பவானிசாகர் எனப் பல ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த பையன்கள் அவர்கள். மளிகைக்கடைக்காரர் கடனுக்குச் சரக்குத் தருவதை நிறுத்தினார், அடுத்துச் சமையல்காரர் நின்றுகொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பிள்ளைகளை வந்து அழைத்துப்போகும்படி பெற்றோருக்குப் போன் போயிற்று. அந்தியூரிலிருந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, சரக்கு வேன் ஒன்றில் இடம்கேட்டு விடியற்காலையில் வந்துசேர்ந்த ஒரு தாயார் விடுதி வாசலில் நின்று, “வருசப் பீச மொத்தமாக் கட்டுனா பத்து பர்சன்ட் கொறப்பம்னாங்க, நகைய வெச்சுக் கட்டுனனுங்க” என்றார். பதில் சொல்ல அங்கே கிளப்பின் ஆள் ஒருவரும் இல்லை. அவருடைய மகன் இரும்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்து பூட்ஸிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பையன்களில் சிலருடைய ஆட்டக்காரர் பதிவு இன்னமும் அந்தக் கிளப்பின் பெயரிலேயே இருக்கிறது. வேறு கிளப்புக்கு மாறுவதற்கான விடுவிப்புக் கடிதம் தர வேண்டிய அலுவலகம் பூட்டிக்கிடக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த அவலம் அன்று. இங்கிலாந்தில் 1885-இல் தொடங்கப்பட்டு, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பையை வென்ற பரி என்னும் கிளப்பை, 2018 டிசம்பரில் ஒருவர் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அதற்கு முந்தைய உரிமையாளரின் காலத்திலேயே மைதானத்தின் கார் நிறுத்துமிடங்களைக்கூட வருமானம் வரும் என்று சொல்லி முதலீட்டாளர்களுக்கு விற்றிருந்தார்கள். 2019 ஆகஸ்டில், கிளப்பைக் காப்பாற்ற ஒரு நிறுவனம் வருகிறது என்ற செய்தியை நம்பி நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாகப் போய், வரவிருந்த ஆட்டத்துக்காகக் கேலரியைக் கழுவி இருக்கைகளைத் துடைத்துவைத்தார்கள். அன்றைக்கே, அதாவது ஆகஸ்ட் 27 அன்று, அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. இரவு லீக் நிர்வாகம் பரியை வெளியேற்றியது. அந்தச் சீசனின் டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தவர்கள் ஒரு லீக் ஆட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இத்தகைய கிளப்புகளில் பொதுவாக ஒன்றைக் காணலாம். அடமானம் கேட்கும் வங்கி முதலில் கையை விரிக்கிறது, லாபக்கணக்குப் பார்க்கும் ஸ்பான்சர் அடுத்து விலகுகிறார், அதன்பிறகே ரசிகர்களுக்கென்று ‘சிறப்புத் திட்டம்’ பிறக்கிறது. ஈடாக எதையும் கேட்காமல் பணம் தரக்கூடியவர் ரசிகர் ஒருவர்தான் என்பது கிளப் நடத்துபவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நடுச்சீசனில் வரும் தள்ளுபடியை ரசிகருக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொள்ளாமல், மற்ற கதவுகள் மூடிவிட்டன என்பதற்கான அறிவிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிளப் முறிந்த பிறகு கடன்காரர்களுக்குப் பணம் பிரிக்கும் வரிசையில் ரசிகர் எங்கே நிற்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022 மார்ச்சில் கேரளா பிளாஸ்டர்ஸைப் பெனால்டியில் வென்று ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை எடுத்த ஹைதராபாத் எஃப்.சி., 2023-24 சீசனில் சம்பளப் பாக்கியால் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இழந்தது. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் தடையால் புதியவர்களைப் பதிவுசெய்யவும் முடியாமல் போனது. ஆட்டக்காரருக்கு முறையிட ஃபிஃபா வரை இடமுண்டு, டிக்கெட் வாங்கியவருக்கு அப்படி ஓர் இடமில்லை. 2010-இல் போர்ட்ஸ்மவுத் கிளப் நொடித்தபோது, மைதானத்தில் முதலுதவி செய்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற தொண்டமைப்பே பாக்கிக்காகக் கடன்காரர் பட்டியலில் நின்றது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி ஒரு நிறுவனம் கலைக்கப்பட்டால், நடைமுறைச் செலவு போக, தொழிலாளர் ஊதியமும் அடமானம் பெற்ற கடனும் முன்னால் நிற்கின்றன. ஈடில்லாத நிதிக்கடனும் அரசுப் பாக்கியும் தொடர்ந்து வருகின்றன. நம்மைப் போன்றவர்களின் ‘ஏனைய கடன்கள்’ அவற்றுக்கும் பிறகு வருகின்றன. அந்த நடவடிக்கையை நாமாகத் தொடங்கிவைக்கலாம் என்றால் பாக்கி ஒரு கோடி ரூபாயாவது இருக்க வேண்டும்.

ஆகையால் பணம் கட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள். கிளப்பின் பெயர் வேறு, அதை நடத்தும் நிறுவனத்தின் பெயர் வேறு. இரண்டாவது பெயரைக் கேட்டு வாங்கி, நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடினால், இயக்குநர்கள் யார், கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கு தாக்கலானது, சொத்தின்மேல் அடமானம் பதிவாகியிருக்கிறதா என்பவை தெரிந்துவிடும். பெயரையே சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். தனிநபரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அகாடமிக் கட்டணத்தை, தள்ளுபடி எவ்வளவு சொன்னாலும், மாதாமாதமே கட்டுங்கள். கிளப் முடங்கினால் பையனின் பதிவை உடனே விடுவிக்க வேண்டும் என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். கிளப்பின்மீது உண்மையான பற்றிருந்து பெருந்தொகை தர விரும்பினால், உறுப்பினர் அட்டைக்காகத் தராமல், பங்குதாரர் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும்படி தாருங்கள். முன்பு சொன்ன அதே போர்ட்ஸ்மவுத்தின் ரசிகர்கள் 2013-இல் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு வீதம் பங்கு வாங்கித்தான் கிளப்பைத் தங்கள் உடைமையாக்கிக்கொண்டார்கள்; கல்வெட்டில் பெயர் பொறிக்கப் பணம் தரவில்லை.

எங்கள் தரப்பில் இப்போது செய்துகொண்டிருப்பது இது. பெருந்துறைப் பக்கத்தில் 2012-இல் ஈமுக் கோழிக்குப் பணம் போட்டவர்கள் பட்ட அலைச்சலை இந்த வட்டாரம் மறந்திருக்காது. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய ₹25,000-ஐ வைப்புத்தொகையாகக் கருதி, அவர்கள் சென்ற வழியிலேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தர முடியுமா என்று வழக்கறிஞர் ஒருவர் ஆராய்ந்துவருகிறார். டிக்கெட், அகாடமிக் கட்டணம் ஆகியவற்றுக்கு நுகர்வோர் ஆணையம்தான் இடம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், கட்டிய தொகை ₹5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஜெர்சி தைத்தவர் சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு வைத்திருப்பதால், 45 நாளுக்குள் பணம் தராத குறைக்காகச் சிறு, குறு தொழில்களுக்கான வசதி மன்றத்தில் தனியாக மனு கொடுத்திருக்கிறார்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தாக்கல்செய்யக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். புது முதலீட்டாளர் வரட்டும் என்று காத்திருந்தாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதே கிளப்புக்குப் பணம் கட்டியவர்கள் ரசீது, பணம் அனுப்பியதற்கான வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் அறிவிப்புகளின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை இப்போதே அச்செடுத்துவைத்துக்கொள்ளுங்கள். குழுவை அவர்கள் கலைத்துவிட்டால் பழைய அறிவிப்புகளைத் தேடி எடுப்பது பெரும்பாடாகிவிடும். ரசீதே தரப்படாதவர்களும் வங்கிப் பதிவு இருந்தால் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம்.