விரைவு வரிசை பாஸுக்கு அரை மாதச் சம்பளம் போனது. நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று ராத்திரிதான் வீடு திரும்பினோம். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். போனது பூங்காவும் ஹோட்டலும் ஒரே வளாகத்தில் இருக்கிற ஒரு பெரிய தீம் பார்க் ரிசார்ட். பெயர் போடவில்லை.

நுழைவு டிக்கெட், அறை வாடகை எல்லாம் தெரிந்து கொடுத்த பணம். அதற்காக அழவில்லை. வரிசையில் நிற்காமல் ரைடு ஏறலாம் என்று ஒரு விரைவு பாஸ் விற்றார்கள். நான்கு பேருக்கு, மூன்று நாளைக்கு. அதற்கு மட்டும் அரை மாதச் சம்பளம்.

வாங்க வேண்டாம் என்று பேசிவைத்துத்தான் போனோம். அறைச் சாவி கொடுத்த பெண் அவ்வளவு அன்பாகப் பேசினார். குனிந்து சின்னவனின் பெயரைக் கேட்டார், சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நாளைக்குக் கூட்டம் ரொம்ப இருக்கும் மேடம். பிள்ளைகளை வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்க வைக்காதீங்க. இது இருந்தால் பெரிய ரைடு எல்லாம் பத்து நிமிஷத்தில் ஏறிடலாம்" என்றார். கணவர் தயங்கினார். நான்தான், "பிள்ளைகளுக்காகத்தானே வந்தோம், வாங்கிடுங்க" என்றேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சின்னவன் உயரம் 116 சென்டிமீட்டர். பெரிய ரோலர் கோஸ்டர் பலவற்றுக்கு 122 வேண்டும். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசியவருக்கு அது தெரியாமலா இருக்கும்? அவனுக்கும் முழு பாஸ் விற்றார். முதல் நாள் உயரக் கோலுக்குக் கீழே நிறுத்தித் திருப்பி அனுப்பியபோது அவன் அழுத அழுகை இருக்கிறதே, அதை நான் மன்னிக்க மாட்டேன்.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. எல்லாரும் தேடி வருகிற அந்த முக்கியமான கோஸ்டர் இரண்டு வாரமாகவே பராமரிப்புக்காக மூடிக் கிடக்கிறது. விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாம் நாள் நாங்கள் வரிசையில் காத்திருந்த ரைடு பாதியில் நின்றது. கோஸ்டர் தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள், ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். முன்னால் போனது தன் பகுதியை விட்டு நகராவிட்டால் பின்னால் வருவது தானாக நின்றுவிடும். அது பாதுகாப்பு, குறை சொல்லவில்லை. மத்தியானம் மின்னல் என்று வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்தியதும் சரிதான். ஓடாத ரைடுக்கு வாங்கிய காசை வைத்துக்கொள்வதுதான் சரியில்லை.

மூன்றாம் நாள் விரைவு வரிசையிலேயே 50 நிமிஷம். ஒரு ரைடு மணிக்கு இத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும். பாஸ் விற்பதால் அந்த எண்ணிக்கை அதிகமாகிவிடாது, காசு கொடுக்காதவரின் முறை நமக்கு வருகிறது, அவ்வளவுதான். அளவில்லாமல் விற்றால் இரண்டு வரிசையும் நகராது. டிஸ்னி பூங்காக்களில் 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற விரைவு வரிசை முறை வந்தபோது அது இலவசம், 2021இல் அமெரிக்காவில் அந்த இடத்துக்குக் கட்டணச் சேவை வந்தது. நான் ஏமாந்த இடம் வேறு. ஆனால் வரிசை ஒரு வியாபாரமான பிறகு அதைக் குறைக்க யாருக்கு அக்கறை இருக்கும்?

பணம் கேட்டு அலைந்த கதை தனி. ரைடு ஊழியர் விருந்தினர் சேவைக்கு அனுப்பினார். அங்கே, "ஹோட்டலில் வாங்கியது, அங்கேயே கேளுங்கள்." ஹோட்டலில், "இது பூங்காவின் சேவை, ஆப்பில் எழுதுங்கள்." ஆப்பில், ரைடுகள் முன்னறிவிப்பின்றி மூடப்படலாம், பணம் திரும்பக் கிடைக்காது என்ற விதியை ஒட்டி அனுப்பினார்கள். கடைசியாக அதே பெண்ணிடம் போனேன். "எல்லா ரைடும்னு நான் சொல்லலையே மேடம்" என்றார். முகத்தில் அதே சிரிப்பு. அரை மாதச் சம்பளம்!

இந்த மாதிரி ரிசார்ட்கள் முதலில் திருத்த வேண்டியது இந்த விற்பனையைத்தான். புது ரைடு அப்புறம் கட்டட்டும். எது மூடியிருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு எது கிடையாது என்று காசு வாங்குவதற்கு முன் சொல்லட்டும். ஒவ்வொரு ரைடிலும் பாஸை ஸ்கேன் செய்கிறார்கள், யார் எதில் ஏறவில்லை என்ற கணக்கு அவர்களிடமே இருக்கிறது. ஏறாததற்குக் கேட்காமலே திருப்பிக் கொடுக்கலாம்.

எப்படித் தப்பிக்கலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. மூடிய ரைடுகளின் பட்டியலை ஆப்பில் பார்க்காமல் பாஸ் வாங்காதீர்கள். பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். எல்லா நாளுக்கும் சேர்த்து வாங்கவே வாங்காதீர்கள், ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கதவு திறக்கும் முன்பே போய் நின்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பாஸே தேவைப்படாது. வாயால் சொல்வதை எழுதித் தரச் சொல்லுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். நான் நாளைக் காலையிலேயே கூப்பிடப் போகிறேன்.