குவாத்தமாலாத் துணி: இடுப்புத் தறியா, மிதி தறியா?

குவாத்தமாலாவிலிருந்து வரும் பருத்தித் துணியில் 'கைத்தறி' என்று சீட்டு இருந்தால் அது பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் பாதி விவரம்தான். அங்கே கைத்தறியே இரண்டு வகை.

இடுப்புத் தறி ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே மாயா இனப் பெண்களின் கையில் இருப்பது. ஒரு முனை மரத்திலோ தூணிலோ கட்டியிருக்கும். மறுமுனையின் பட்டை நெய்பவரின் இடுப்புக்குப் பின்னால். பின்னே சாய்ந்தால் பாவு (நீளவாட்டு நூல்) இறுகும், முன்னே வந்தால் தளரும். மரச்சட்டமே கிடையாது, சுருட்டினால் ஒரு குச்சிக்கட்டுதான். கை எட்டுகிற அகலத்துக்கு மேல் நெய்ய முடியாது. அதனால்தான் 'உயிபில்' என்ற மேல்சட்டையை இரண்டு, மூன்று துண்டுகளை இணைத்துத் தைக்கிறார்கள். ஊடையோடு (குறுக்கு நூல்) கூடுதல் நூலை விரலால் கோத்து உருவம் எடுப்பதில் இந்தத் தறியை எதுவும் நெருங்காது. ஒரு உயிபிலுக்கு மாதங்கள் ஆகலாம், விலையும் அப்படித்தான்.

காலால் மிதித்து இயக்கும் மிதி தறி 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்தது, நெடுங்காலம் ஆண்களின் வேலை. பாவாடைத் துணி கெஜக்கணக்கில் இதில்தான் வருகிறது. அகலம், வேகம், குறைந்த விலை எல்லாம் இதன் பக்கம். நூலை முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் 'ஹாஸ்பே' துணியும் இதில் அழகாக வரும்.

அடையாளம் காண ஓரத்தைப் பாருங்கள். நான்கு பக்கமும் வெட்டில்லாமல் கரை முடிந்திருந்தால் இடுப்புத் தறி. (குஞ்சம் விட்ட சால்வையில் இந்தச் சோதனை உதவாது.)

என்னைக் கேட்டால், படுக்கை விரிப்புக்கும் திரைக்கும் மிதி தறி போதும். சால்வை, மேசை விரிப்பு என்றால் கூடுதல் காசு கொடுத்து இடுப்புத் தறியே வாங்கலாம். உயிபில் மாதிரியை இயந்திரத்தில் அச்சடித்த மூன்றாவது சரக்கும் சந்தையில் உண்டு. அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இப்படிப் பிறர் நகலெடுப்பதற்கு எதிராக நெசவுப் பெண்கள் 2016இல் நீதிமன்றம் போனார்கள். அவர்களின் நெசவைக் காக்கச் சட்டம் இயற்றும்படி நாடாளுமன்றத்தை அரசியல் சாசன நீதிமன்றம் மறு ஆண்டே கேட்டுக்கொண்டது.

சரி, சாயம்? அது தறியைப் பொறுத்ததல்ல, நூலைப் பொறுத்தது. அதித்லான் ஏரிக்கரையில் சான் ஹுவான் லா லகுனா ஊரின் சூதுஹில் என்ற மாயா இனப் பெண்களின் கூட்டுறவுகளில் தேங்காய் மட்டை, அவகாடோ, அச்சியோத்தே என்ற செடியின் விதை, சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சி என்று பலவற்றிலிருந்து நிறம் எடுக்கிறார்கள். நிறம் நிற்க வாழைத்தண்டுச் சாறு. செயற்கைச் சாயத்தின் பளிச்சென்ற நிறம் இதில் வராது, இரண்டு கொதியில் ஒரே நிறமும் வராது. எல்லாம் ஒரே மாதிரி உழைப்பதும் இல்லை: அவுரி நீலம் வெகுகாலம் நிற்கும், அச்சியோத்தே ஆரஞ்சு வெயிலில் வெளிறும். ஜன்னலோரம் தொங்கப் போகிற துணிக்கு அந்த ஆரஞ்சு வேண்டாம்.

நிறம் போகுமே என்று ரொம்ப யோசிப்பவருக்கு 'இக்ஸ்காகோ' இருக்கிறது. செடியிலேயே பழுப்பாக விளையும் பருத்தி, சாயமே தேவையில்லை. இழை குட்டை என்பதால் நூற்பது சிரமம், அதனால் விலை கொஞ்சம் கடிக்கும்.