அடியில் புதுக் கறுப்பு அடித்த பழைய டர்போ கார்: ராமநாதபுரம் பக்கம் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

நாலு லட்சத்துக்குள் நல்ல வேகமான சின்னக் கார் ஒன்று வேண்டும் என்று ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் யாராவது தேடிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடம். வண்டியின் அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருக்கிறதா? அதைச் சுரண்டிப் பார்க்க விடாத ஆளிடம் வாங்கவே வாங்காதீர்கள். எனக்கு விற்ற ஆட்டோ கன்சல்டிங்காரர் அந்தக் கறுப்புக்குள் எதை மறைத்துத் தள்ளிவிட்டார் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி 2014 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ், 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச்) ஆட்டோமேட்டிக். 2022-ல் போலோவையே இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள், அதனால் இதற்கென்றே பழைய வண்டி தேடி அலைகிற ஆட்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறோம், அந்த ஆசை கன்சல்டிங்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். 3,60,000-க்குப் பேசி முடித்தோம். "மதுரை வண்டி சார், டாக்டர் வீட்டு வண்டி, கடல் காத்தே படல. 52 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றார்.

என்னோடு எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் வந்திருந்தார். இன்ஜின், ஆயில், டயர் எல்லாம் பார்த்தார், வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான குறைகளைக் காட்டும் ஸ்கேனர் போட்டார், ஒரு எரர்கூட வரவில்லை. லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றோம், பக்கத்து சர்வீஸ் ஸ்டேஷனில் லிஃப்ட் ரிப்பேர் என்றார் கன்சல்டிங்காரர். குனிந்து டார்ச் அடித்தால் அடி முழுக்கப் பளபளவென்று கறுப்பு. "மழைக்கு முன்னாடி எல்லா வண்டிக்கும் அடிச்சிருவோம் சார்." காலையில் வண்டி சூடாகாத நேரத்தில் ஒரு சின்னச் சுற்று மட்டும் ஓட்டக் கொடுத்தார், ஹைவேயில் கொஞ்ச தூரம் போய் வருகிறோம் என்றதற்கு இன்சூரன்ஸ் பிரச்சினை வரும் என்று தடுத்துவிட்டார். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அடிப்பாகத்தில் துரு இல்லை, கியர்பாக்ஸில் குறை இல்லை என்று கடை லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். தெரிந்தே போட்ட கையெழுத்து அது.

உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும்போது நல்ல வெயில். முதலில் இரண்டாவது கியரில் ஒரு உதறல், அப்புறம் டேஷ்போர்டில் கியர் எழுத்து விட்டு விட்டு எரிந்தது, பாம்பன் பாலத்துக்கு முன்னாலேயே வண்டி நகர மறுத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். கட்டி இழுத்து மதுரைக்குக் கொண்டுபோய், இந்த வகை வண்டி மட்டும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றினோம்.

அங்கே இருந்த மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டத் தட்ட அந்தக் கறுப்பு பெயர்ந்து விழுந்தது, கூடவே துருவும் பாளம் பாளமாக விழுந்தது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் விரல் நுழையும் ஓட்டை, அதில் பட்டி அடைத்து மேலே பூசியிருந்தார்கள். இன்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப் ஃபிரேம் போல்ட்டைச் சுற்றி அரிப்பு. பின்பக்கம் போகும் பிரேக் பைப் மேலேயும் அதே கறுப்பு, துடைத்தால் உள்ளே பைப் அரித்துப் போயிருந்தது. ஓட்டையை மறைத்துக் காசு பார்ப்பது ஒரு வகை. அரித்துப்போன பிரேக் பைப்புக்குப் பெயின்ட் அடித்து, குடும்பத்தோடு போகிற ஒருவனிடம் சாவியைக் கொடுக்கிறார் என்றால் அவருக்கு என்ன மனசு?

கியர்பாக்ஸில் கியரையும் கிளட்ச்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போய்விட்டது, சரிசெய்ய ஒரு லட்சத்தைத் தாண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்த 7 கியர் டிஎஸ்ஜியில் இருப்பது டிரை கிளட்ச், எண்ணெயில் மூழ்கிக் குளிர்ந்து ஓடுவது இல்லை. அதனால் காலைக் குளிர்ச்சியில் ஒழுங்காக ஓடிய வண்டி நெரிசலிலும் வெயிலிலும் சூடானதும்தான் உதறலைக் காட்டும். விற்பதற்கு முன் எரரை அழித்துவிட்டால், குறை மறுபடி தலைகாட்டும் வரை ஸ்கேனர் சுத்தமாகத்தான் காட்டும். குளிர்ந்த வண்டியை மட்டும் ஓட்டக் கொடுத்ததன் காரணம் இதுதான்.

ஆர்.சி.யில் இருந்த பெயரைப் பிடித்துப் பழைய ஓனரிடம் பேசினேன். பாவம், நல்ல மனிதர். அவர் வெளிநாட்டில் வேலை பார்க்க, வண்டி கடற்கரையை ஒட்டிய வீட்டு வாசலில் வருடக்கணக்காகச் சும்மா நின்றிருக்கிறது. "கியர் லைட் வருது, அடியில துரு இருக்குன்னு சொல்லித்தான் குறைச்ச விலைக்குக் கொடுத்தேன்" என்றார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டால் 2019-லேயே 81 ஆயிரம் கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது. மீட்டரையும் குறைத்துவிட்டார்கள்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே காலையில் கண்ணாடியைத் துடைத்தால் கையில் உப்பு ஒட்டும். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே இந்த உப்பு அரித்து அரித்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது. ஓடுகிற வண்டியையாவது அவ்வப்போது வாட்டர் வாஷ் விட்டு அடியைக் கழுவுவார்கள், நிற்கிற வண்டியில் உப்பு அப்படியே படிந்து கிடக்கும். கிலோமீட்டர் குறைவு என்பது நம் கடற்கரையில் நல்ல அடையாளமே கிடையாது.

கன்சல்டிங்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டால், "நான் இடையில நிக்கிற ஆளு சார், ஓனரக் கேளுங்க" என்கிறார். அந்தப் பேச்சை ஏற்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், படிவம் 29பி. வண்டி டீலர் கைக்கு வந்ததைப் படிவம் 29சி-யில் அறிவிக்க வேண்டும், அதன்பிறகு வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. இந்தக் கடையில் இரண்டுமே இல்லை. நீங்கள் போகும் கடையில் விலை பேசுவதற்கு முன் 29பி-யைக் காட்டச் சொல்லுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆன்லைனிலும் போடலாம். கடையின் வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்பியிருந்ததும் அந்த லெட்டர்பேடும்தான் இப்போது என் பிடி. சொந்தக்காரர் நம்பருக்கு ஜிபே பண்ணுங்கள், பில் வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் இல்லாவிட்டால் அவர் வியாபாரி என்பதையே மறுத்துவிடுவார், தனி ஆள் தனி ஆளுக்கு விற்றது என்றாகிவிட்டால் நுகர்வோர் வழக்கே நிற்காது.

அடுத்த கட்டமாக மதுரை ஒர்க்‌ஷாப் கொடுத்த அறிக்கை, லிஃப்டில் எடுத்த போட்டோக்கள், 2019 சர்வீஸ் பதிவு, பழைய ஓனரின் எழுத்து மூலமான வாக்குமூலம் எல்லாவற்றையும் தாக்கல் செய்கிறேன். இதே மாதிரி கறுப்பு பூசிய வண்டி வாங்கியவர்கள் ரிப்பேரை ஆரம்பிப்பதற்கு முன் லிஃப்டில் ஏற்றி போட்டோ எடுத்து, ஒர்க்‌ஷாப்பில் தேதி போட்டு எழுதி வாங்கிவிடுங்கள். வெல்டிங் வைத்த பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.