பத்மநாபபுரம் அரண்மனை: அண்ணாந்தும் குனிந்தும் பார்க்க வேண்டிய வீடு

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பலர் கடலையும் விவேகானந்தர் பாறையையும் பார்த்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். தக்கலையை அடுத்து, வேளிமலை அடிவாரத்தில், கருங்கல் கோட்டைக்குள் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் நான் விடாமல் சொல்லி வருகிறேன். உள்ளூர் வழக்கில் இது கொட்டாரம். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மர் விரிவுபடுத்திய இந்த மாளிகைத் தொகுதி, தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர்களின் இருப்பிடமாக இருந்தது. 1956இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது.

மதுரை திருமலை நாயக்கர் மகாலில் தூண்களின் பருமனும் உயரமுமே நம்மை மலைக்க வைக்கும். இங்கே கூரை தாழ்வானது, வாசல்கள் குறுகலானவை. செல்வம் முழுவதும் மரவேலையின் நுணுக்கத்தில் இருக்கிறது. நுழைந்ததும் வருகிற பூமுகத்தில், அதாவது மன்னர் பார்வையாளர்களைச் சந்தித்த முகப்பு மண்டபத்தில், முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். மேற்கூரையில் 90 பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பூவைப் போல் இன்னொன்று இல்லை. ஒரே அச்சில் தட்டியிருந்தாலும் கீழே நிற்பவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் அந்தத் தச்சர்கள் ஒவ்வொரு பூவுக்கும் தனி இதழமைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது. அங்கேயே சங்கிலியில் தொங்கும் பித்தளைக் குதிரை விளக்கு, எந்தத் திசையில் திருப்பி விட்டாலும் அந்தத் திசையிலேயே நிற்கும். மெருகேற்றிய கருங்கல் கட்டிலும், சீன வேலைப்பாடுள்ள நாற்காலியும், ஓண நாளில் சிற்றரசர்கள் காணிக்கையாக வைத்த ஓணவில்களும் அதே கூடத்தில்தான் உள்ளன.

பூமுகத்திலிருந்து செங்குத்தான மரப்படியில் ஏறினால் மந்திரசாலை. மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய இந்த அறைதான் முழு அரண்மனையிலும் எனக்கு மிகவும் பிடித்தது. வெளியே வெயில் கொளுத்தும்போதும், மரச் சட்டங்களை நெருக்கமாக அடுக்கிய சாளரங்களின் வழியே காற்று மெல்ல வந்துகொண்டிருக்கும். வண்ண மைக்கா பதித்த கதவுகள் வெயிலின் கூர்மையைக் குறைத்து, மங்கலான வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். அந்த வெளிச்சம் விழும் தரையை ஒருமுறை குனிந்து பாருங்கள். சுண்ணாம்பு, ஆற்றுமணல், எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டையின் வெண்கரு, வெல்லம், செடிச் சாறுகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பூசியது என்று சொல்லப்படும் அந்தக் கருந்தரையில், சாளரத்தின் ஒவ்வொரு சட்டமும் தண்ணீரில் தெரிவதுபோல் பிரதிபலிக்கிறது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அரண்மனைக்குள் போக வேண்டும் என்பதால் அந்தக் குளிர்ச்சி பாதத்திலும் ஏறுகிறது.

அடுத்து வரும் ஊட்டுப்புரை, மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலுமாக ஒரே வேளையில் ஏறத்தாழ 2,000 பேருக்கு அன்னம் பரிமாறிய நீண்ட கூடம். நீளத்தையும் ஊறுகாய் வைத்த பெரிய பரணிகளையும் தவிர அங்கே பார்ப்பதற்கு அதிகமில்லை; கடந்துவிடலாம்.

இங்குள்ள கட்டடங்களில் மிகப் பழையதான தாய்க் கொட்டாரத்தில் அவசரப்படக் கூடாது. நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் சரிந்திறங்கும் ஓட்டுக் கூரையுமாக அமைந்த நாலுகெட்டு அது. அதன் ஏகாந்த மண்டபத்தில் ஒற்றைப் பலாமரத்தைக் கடைந்து செய்த தூண் ஒன்று நிற்கிறது. அடியிலிருந்து நுனிவரை கொடியும் பூவுமாக ஓடும் செதுக்கலில் எங்கும் ஒட்டுப்போட்ட தடம் தெரியவில்லை. நான் கால் மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றேன்.

நான்கு அடுக்குள்ள உப்பிரிக்கை மாளிகையின் கீழ்த்தளம் கருவூலமாக இருந்தது. அதற்கு மேல் மன்னரின் பள்ளியறை. 64 வகை மூலிகை மரங்களால் ஆனதென்றும் டச்சுக்காரர்கள் அளித்ததென்றும் சொல்லப்படும் கட்டில் அங்கே இருக்கிறது. உச்சித் தளம் பத்மநாப சுவாமியின் பள்ளியறையாகக் கருதப்பட்டது. 1750இல் நாட்டையே அந்தத் தெய்வத்துக்கு எழுதிக்கொடுத்து, தன்னை அவருடைய அடியவராக அறிவித்துக்கொண்ட மன்னர், தம் படுக்கைக்கு மேலே இறைவனுக்கு இடம் வைத்தது பொருத்தமாகவே படுகிறது. அந்தத் தளத்தின் சுவர் ஓவியங்கள் புகழ்பெற்றவை. ஆனால் பொதுவாகப் பார்வையாளர்களை அங்கே அனுமதிப்பதில்லை. ஓவியங்களுக்காகவே வருகிறவர்கள் இதை முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டும்.

நடைமுறைக்குச் சில சொற்கள். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையில் திறந்ததும் போய்விட்டால், கல்விச் சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன் பூமுகத்தையும் மந்திரசாலையையும் அமைதியாகப் பார்க்கலாம். இரண்டு மணி நேரமாவது வேண்டும். படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்களைத் தரைத்தளக் கூடங்களோடும், கல்தூண்களில் சிற்பங்கள் நிறைந்த நவராத்திரி மண்டபத்தோடும் நிறுத்திக்கொள்ளச் சொல்வது நல்லது. அந்த மண்டபத்தருகே கோயில்கொண்டிருக்கும் சரசுவதி, ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இங்கிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய் வருகிறாள். அடுத்த முறை அவள் புறப்படும் நாளில் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.